சொந்த லாரி: தனித்து ஓட்டுவதா, கம்பெனியில் சேர்ப்பதா?

இரண்டு மாதங்களுக்கு முன் நம் படிப்பு வட்டம் எடுத்துக்கொள்ளக் கருதியிருந்த பாடம் வேறு. மயிலாப்பூர் தெப்பக்குளத்தை அடுத்த தெருவில் வழக்கம்போல் மாலை ஆறரை மணிக்குக் கூடினோம். ஏடுகளைப் பிரிப்பதற்குள் அங்கத்தினர் ஒருவர் கையில் காகிதக் கட்டுடன் எழுந்து நின்றார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியை விட்டுப் பதினைந்து ஆண்டுகளாகப் பிறருடைய லாரிகளை ஓட்டி வந்தவர். அண்மையில் பழைய லாரி ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கியிருக்கிறார். முன்பணத்துக்குத் தாயாரின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றுவிட்டன. மாதத் தவணை 32,000 ரூபாய்.

"ஐயா, இந்த லாரியைக் கம்பெனியில் அட்டாச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பத்திரம் பதினொரு பக்கம், எல்லாம் ஆங்கிலம். நாளைக்குள் கையெழுத்து வேண்டுமாம். போடலாமா?" என்று கேட்டார்.

அன்றிரவு கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் கூறி அனுப்பினோம். அதன்பின் மூன்று வாரம் அந்தப் பத்திரத்தையும் அதன் பின்னணியில் உள்ள சட்டங்களையும் கணக்கையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தோம். நம் அங்கத்தினர் குடும்பங்களில் லாரியோ, 'குட்டி யானை' என்று ஊரார் அழைக்கும் சிறு வண்டியோ வாங்கியிருப்பவர் இப்போது பலர். லாரி வாங்காதவர்களும் சேலைக்கட்டையும் காய்கறி மூட்டையையும் யாராவது ஒரு லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்களே. ஆகவே இப்பாடம் இரு சாராருக்கும் உரியது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். 'பர்மிட் என் பெயரில் இருக்கிறது, ஆகவே நான் தனித்து நிற்பவன்' என்று பல லாரிக்காரர் கருதுகிறார்கள். அஃது அரைப் பங்கு உண்மையே. வண்டிக்குரிய அனுமதி ஒன்று. பிறர் சரக்குக்குப் பொறுப்பேற்று ஏற்றிச் செல்லும் தொழிலுக்குரிய அனுமதி மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் விளைகிறது.

வண்டி அனுமதியின் கதை பழையது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் தன் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்கு ஒருவகைப் பர்மிட்டையும், ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றுபவருக்கு வேறுவகைப் பர்மிட்டையும் வைத்தது. எத்தனை லாரி போதும் என்று அதிகாரிகள் அளந்து கொடுத்தார்கள். ரயிலுக்குப் போட்டி மிகுந்துவிடலாகாது என்ற கவலையும் அச்சட்டத்தின் பின்னே இருந்தது. ஓட்டத் தெரிந்தவரிடம் பர்மிட் இராது. பர்மிட் உள்ளவருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்நாளில் சொந்த லாரிக்காரர் பர்மிட்காரரின் நிழலில் ஒதுங்கியதற்கு வேறு வழியின்மையே காரணம். 1956-இல் அச்சட்டத்தைத் திருத்தியபோது, மற்ற தகுதிகள் சமமாயிருக்குமிடத்துத் தனி நபரைக் காட்டிலும் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்கு வாடகை லாரிப் பர்மிட்டில் முன்னுரிமை தரவேண்டும் என்று ஒரு வாசகம் சேர்த்தார்கள். நம் முன்னோர் அதை எவ்வளவு பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது வேறு கதை; அப்படி ஒரு கதவு திறந்திருந்தது என்பதை இன்றைய அங்கத்தினருள் அறிந்தவர் சிலரே.

1975-இல் தேசிய பர்மிட் வந்தது. அதற்கும் மாநிலத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரம்பு இருந்தது. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின் சரக்கு வண்டிக்குப் பர்மிட் பெறுவது ஏறக்குறைய எவருக்கும் எளிதாயிற்று. 2010 மே மாதத்தில் தேசிய பர்மிட் முறை மீண்டும் மாறியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே பணம் கட்டும் தொல்லை ஒழிந்து, ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஒரே தொகையாகக் கட்டினால் நாடெங்கும் ஓடலாம் என்று ஆயிற்று. 2012 ஏப்ரலில் அது 16,500 ரூபாயாக உயர்ந்தது. நம் மண்டைவெளி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாயிலில் ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும்: பர்மிட்டுக்காக எவரும் எவர் காலிலும் விழவேண்டிய காலம் போய்விட்டது.

ஆயினும், பர்மிட் தம் பெயரில் இருந்தும் எத்தனையோ லாரிக்காரர் கம்பெனிகளையும் புக்கிங் ஆபீஸ்களையும் நம்பியே வாழ்கின்றனர். ஏன்?

ஒரு காரணம் முன் சொன்ன இரண்டாவது அனுமதி. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, 2007-இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. வருகிற எவருடைய சரக்கையும் வேற்றுமையின்றி வாடகைக்கு ஏற்றுவதையோ, ரசீது கொடுத்துச் சரக்கைச் சேகரித்து அனுப்புவதையோ தொழிலாகக் கொண்டவர் இச்சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். பதிவு பெற்றவர் சரக்குக்கு ரசீது தரவேண்டும். அதனைத்தான் நாம் எல்.ஆர். என்கிறோம். ரசீதில் கையெழுத்திட்ட கணத்திலிருந்து சரக்கு அவர் பொறுப்பு. சரக்கு காணாமற்போனால், அவருடைய அசட்டையை நாம் நிரூபிக்கவேண்டும் என்பதில்லை. தம் வண்டியை இத்தகைய பதிவு பெற்ற கம்பெனிக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறவர் அந்தச் சுமையைத் தம் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. கம்பெனிதான் சரக்குக்காரரிடம் பதில் சொல்லவேண்டியது.

வரியிலும் இந்த வேற்றுமை தொடர்கிறது. சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிக்கு லாரியை வாடகைக்கு விட்டுப் பெறும் தொகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தாமே ரசீது போடத் தொடங்குகிறவர் தாமே ஏஜென்சி ஆகிவிடுகிறார். கணக்கு வழக்கும் கூடவே வருகிறது. ஒரு நல்ல செய்தி: பதனப்படுத்தாத விளைபொருளை ஏற்றுவதற்கு ஏஜென்சி வாங்கும் வாடகைக்கும் அந்த வரி இல்லை. வருமான வரியைப் பொறுத்தவரை, பத்து வண்டிக்கு மேற்படாதவர் வண்டிக்கு இவ்வளவு என்ற உத்தேச வருமானத்தைக் காட்டிக்கொள்ளும் எளிய வழி இருக்கிறது. ஆகவே வரிக்குப் பயந்து கம்பெனியில் சேரவேண்டியதில்லை.

இரண்டாவது காரணமே பெரியது. அது திரும்பும் சரக்கு.

லாரித் தொழிலின் லாப நஷ்டம் போகிற வழியில் தீர்மானமாவதில்லை, வருகிற வழியில்தான். நம் விவசாய அங்கத்தினர்கள் இதனைக் கண்ணால் காண்கிறவர்கள். கோயம்பேட்டுக்கு வரும் லாரிகள் வரும்போது நிரம்பி வருகின்றன. போகும்போது வெறும் கூடைகளைச் சுமந்து போகின்றன. தனித்து நிற்பவருக்குச் சென்னையிலே ஒரு சரக்குக்காரரைத் தெரியும். கோயமுத்தூரிலே யாரைத் தெரியும்? கம்பெனிக்கு அங்கே ஓர் ஆபீஸ் உண்டு, கிடங்கு உண்டு, கட்டி வைத்த சரக்கு உண்டு. கம்பெனி விற்பது இதைத்தான். அதற்கு நாம் கொடுக்கும் விலை, வாடகையிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் பங்கு.

இந்த விலை கூடுதலா, குறைவா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்கள் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தம் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து கோயமுத்தூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சரக்குடன் லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் விலை 92 ரூபாய் என்று கொண்டால் ஒரு வழிக்கு டீசல் 11,500 ரூபாய். இரு வழிக்கும் 23,000. சுங்கச் சாவடிக்கு 4,000, கிளீனர் பேட்டா முதலிய வழிச் செலவு 3,000. ஆக 30,000 ரூபாய் செலவு. நேரடியாகச் சரக்குக்காரரிடம் பேசினால் போகும் வாடகை 27,000, திரும்பும் வாடகை 18,000, மொத்தம் 45,000 ரூபாய். கையில் நிற்பது 15,000. திரும்பும் சரக்கு கிடைக்காமல் வெறும் வண்டியாக வந்தால் டீசல் சிறிது மிச்சப்பட்டுச் செலவு 27,500 ஆகும், வரவு 27,000. கையிலிருந்து 500 ரூபாய் போகும், நான்கு நாள் உழைப்பும் அதனோடு போகும்.

கம்பெனி அதே வேலைக்குப் போக 23,000, வர 15,500 தருவதாகக் கொள்வோம். வரவு 38,500; மிச்சம் 8,500. நேரடி வாடகையில் கிடைக்கும் 15,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இது பாதியைச் சற்றே தாண்டுகிறது. நம் வட்டத்தில் இந்த இடத்தில் பலர் கோபித்தார்கள். 'பகற்கொள்ளை' என்றார் ஒருவர். பொறுத்திருங்கள் என்றோம்.

கம்பெனி வண்டி காத்திருப்பதில்லை. மாதம் ஆறு நடை போகிறது. மிச்சம் 51,000 ரூபாய். தனித்து ஓட்டுபவர் திரும்பும் சரக்குக்காக ஒருநாள், இரண்டு நாள் காத்துக்கிடந்து மாதம் ஐந்து நடைதான் போகிறார். ஐந்து நடையில் அதே 51,000 ரூபாயை எட்டவேண்டுமானால் நடைக்குச் சராசரி 10,200 ரூபாய் நிற்கவேண்டும். அதற்குப் பத்து நடையில் ஏழு நடைக்காவது திரும்பும் சரக்கு கிடைத்தாகவேண்டும். ஏழு கிடைத்தால் இருவரும் சமம். எட்டு, ஒன்பது என்றால் தனித்து ஓட்டுபவருக்கு லாபம். ஐந்தென்றால் மாதம் 36,000 ரூபாய்தான் நிற்கும். தவணை 32,000 போனால் அடுப்பெரிய 4,000 ரூபாய்.

ஆகவே, தனித்து ஓட்ட எண்ணுகிற அங்கத்தினர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி 'எனக்கு எஜமானன் வேண்டுமா?' என்பதன்று. 'என் வழித்தடத்தில் பத்துக்கு எத்தனை முறை திரும்பும் சரக்கு கிடைக்கும்?' என்பதே. இதற்கு விடை தெரியாதவர் தெரிந்துகொள்ளும்வரை கம்பெனியில் சேர்ந்து ஓட்டுவது தவறல்ல. அதனைப் பள்ளிக்கூடம்போல் கருதி, எந்த ஊரில் எந்தக் கிடங்கில் எந்தக் கிழமை சரக்கு நிற்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வரவேண்டும். பதினைந்து ஆண்டு ஓட்டியவருக்கும் இது தெரியாமலிருக்கும். ஓட்டுநருக்குச் சாலை தெரியும், சரக்குக்காரரைத் தெரிவது வேறு.

இடையில் இன்னொரு வழியும் இருக்கிறதே, புக்கிங் ஆபீஸ் புரோக்கரிடம் நடைக்கு நடை சரக்குப் பிடிப்பது, என்று சிலர் கேட்டார்கள். உண்டு, ஒற்றை லாரிக்காரருள் மிகப் பலர் அதில்தான் இருக்கிறார்கள். அத்தகைய ஏஜென்டுகளும் மோட்டார் வண்டிச் சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் பெற்றிருக்கவேண்டும். கேட்டுப் பாருங்கள், பலர் சுவரில் சாமி படம் இருக்கும், லைசென்ஸ் இராது. முன்பணம் ஒரு பங்கு கையில் கிடைக்கும். பாக்கி, சரக்கு இறங்கிய சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபின். அந்தப் பாக்கியில்தான் சச்சரவு எல்லாம்.

பாக்கி என்றதும் மூன்றாவது காரணத்துக்கு வந்துவிட்டோம். பெரிய ஆலைகளும் வியாபாரிகளும் நேரடி லாரிக்காரருக்கு அறுபது நாள் கழித்துப் பணம் கொடுப்பது அபூர்வமல்ல. மேற்கண்ட கணக்கில் மாதம் ஐந்து நடைக்குச் செலவு ஒன்றரை லட்சம் ரூபாய். டீசல் பங்க்கில் அறுபது நாள் கடன் சொல்ல முடியாது. ஃபாஸ்டாக் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாகிவிட்டதால் சுங்கச் சாவடியிலும் முன்பணம் இருப்பில் வேண்டும். இரண்டு மாதச் செலவு மூன்று லட்சம் ரூபாயைக் கையில் வைத்திராதவர் தனித்து ஓட்டத் தொடங்கினால் மூன்றாவது மாதம் மீட்டர் வட்டிக்காரரிடம் போய் நிற்பார். அவ்வளவு பணம் சேரும்வரை கம்பெனி நல்லது என்பது நம் அபிப்பிராயம். மறுத்தவர்களும் வட்டத்தில் உண்டு. நேரடி வாடகைக்காரருக்கும் ஒரு துணை இருக்கிறது: 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். ஒற்றை லாரிக்காரரும் குறுந்தொழிலாக உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்கு மேல் அவருடைய பணத்தை நிறுத்திவைத்தால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதத்துக்கு மாதம் வட்டிக்கு வட்டியாகக் கொடுக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். உடனே வழக்குத் தொடுக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பில்லின் கீழே பதிவு எண்ணை அச்சிட்டு அனுப்பினால் கணக்குப்பிள்ளை சற்று நிமிர்ந்து உட்காருவார்.

கடன் கொடுப்பவர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. லாரித் தவணைக் கடன் என்ற தொழில் நம் சென்னை மண்ணில் வேரூன்றியது. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் இங்கே தொடங்கியது. பழைய லாரி வாங்கும் ஓட்டுநருக்கு வங்கிகள் கதவடைத்த நாளில், அவர்களையே வாடிக்கைக்காரராகக் கொண்டு 1979-இல் எழுந்தது ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். பல ஆண்டு அதன் பதிவு அலுவலகம் இதே மயிலாப்பூரில் லேடி தேசிகா சாலையில் இருந்தது. 2022-இல் அது தன் குழுமக் கம்பெனியுடன் இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆயிற்று. வண்டி கம்பெனியில் அட்டாச் ஆகியிருக்கிறதா, மாதம் எத்தனை நடை உறுதி என்று கடன் கொடுப்பவர் கேட்பது இயல்பே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே அவசரப்பட்டுக் கையெழுத்திடுகிறவர் உண்டு. நம் நண்பருடைய அவசரத்துக்கும் அதுவே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது.

இனி அந்தப் பதினொரு பக்கத்துக்கு வருவோம்.

அதில் நம்மைத் திடுக்கிடச் செய்தது நான்காம் பக்கம். 'நிர்வாக வசதிக்காக' வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் பர்மிட்டையும் கம்பெனியின் பெயருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கடனும் நகையும் இவருடையவை; வண்டி காகிதத்திலே கம்பெனியுடையது! கம்பெனி நாளை நொடித்தால் அதன் கடன்காரர்கள் இவருடைய லாரியையும் தம் பட்டியலில் சேர்ப்பார்கள். கம்பெனியைவிட்டு விலக எண்ணினால் வண்டியைத் திரும்பப் பெறவே ஒரு வழக்கு நடத்தவேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதியாகவே கூறிவிட்டது. வண்டி கைமாறிப் போயிருந்தும் பதிவை மாற்றாமல் விட்டவர்மீதே விபத்து நஷ்ட ஈட்டுப் பொறுப்பு விழுந்தது. இந்த நீதி இருபுறமும் வெட்டும். ஆர்.சி. நம் பெயரில் இருந்தால் விபத்தின் பொறுப்பும் நம்முடையது. அதனால் இன்ஷூரன்ஸும் எஃப்.சி.யும் ஒரு நாள்கூடத் தவறலாகாது. அப்படியிருந்தும் நாம் சொல்வது இதுவே: ஓட்டத்தைக் கம்பெனிக்குக் கொடுங்கள், உடைமையைக் கொடுக்காதீர்கள்.

மற்ற வாசகங்களை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அமெரிக்க நாட்டில் கிடைத்தது. அங்கும் 1935-ஆம் ஆண்டின் சட்டம் லாரித் தொழிலுக்கு அனுமதிக் கட்டுப்பாடு வைத்தது; ஆனால் பதனப்படுத்தாத விளைபொருளை ஏற்றுபவருக்கு விலக்குக் கொடுத்தது. விளைவைப் பாருங்கள். சொந்த லாரிக்காரர் காய்கனிகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குச் சுதந்தரமாகப் போவார். திரும்பி வரும்போது ஆலைச் சரக்கு ஏற்ற அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள கம்பெனிக்கு அந்த ஒரு நடைக்கு வண்டியைக் குத்தகைக்கு விட்டுத்தான் வீடு திரும்புவார். நம் கோயம்பேட்டு லாரியின் கதையேதான், கடலுக்கு அப்பால். 1980-இல் அங்கே கட்டுப்பாடு தளர்ந்தபின் தாமே அனுமதி பெற்றவர் பலர். இன்றும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுகிறவரும் ஏராளம். அவர்களுடைய குறைகளைக் கேட்டு 1979-இல் அந்நாட்டு அரசாங்கம் குத்தகைப் பத்திரத்துக்கு விதிகள் செய்தது. அவை இன்றும் நடைமுறையில் உள்ளன. பத்திரம் எழுத்தில் இருக்கவேண்டும். உரிய சீட்டுகளைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். சரக்குக்காரர் கம்பெனிக்குப் பணம் கொடுத்தாரா என்பது லாரிக்காரரின் கவலையன்று. வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்தால், சரக்குக்காரருக்குப் போட்ட பில்லின் நகலை லாரிக்காரருக்குக் காட்டவேண்டும். பிடித்துவைக்கும் வைப்புத்தொகை எதற்கு, எப்போது திரும்பும் என்று எழுதவேண்டும். எதையேனும் கழித்தால் எதற்குக் கழித்தது என்று கணக்குக் காட்டவேண்டும்.

நம் நாட்டிலே இத்தகைய விதி கட்டாயம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளக் கூடாதென்றும் எவரும் தடுக்கவில்லை. நண்பருடைய பத்திரத்தை இந்த அளவுகோலால் அளந்தபோது குறைகள் வரிசையாகத் தெரிந்தன. பணம் 'சரக்குக்காரரிடமிருந்து வசூலானபின்' என்றிருந்தது, நாள் குறிக்கவில்லை. 50,000 ரூபாய் வைப்பு 'கணக்கு முடியும்வரை' என்றிருந்தது; கணக்கு எப்போது முடியும் என்று இல்லை. சரக்குச் சேதத்தைக் கம்பெனியே மதிப்பிட்டுக் கழித்துக்கொள்ளும். திரும்பும் வழியில் எத்தனை நாள் காத்திருக்க நேர்ந்தாலும் பிறர் சரக்கை ஏற்றலாகாது. காத்திருப்புக்குக் கூலியும் இல்லை. டீசல் விலை ஏறினால் வாடகை ஏறும் என்ற வாசகம் எங்குமே காணோம். 2017 ஜூன் 16 முதல் டீசல் விலை நாள்தோறும் மாறக்கூடியதாக இருக்கையில், ஓராண்டுக்கு ஒரே வாடகை என்பது லாரிக்காரர் மட்டும் ஆடும் சூதாட்டம். மிகைப்பாரத்தைப் பற்றியும் மௌனம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மிகைப்பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு டன்னுக்கு 2,000. பாரம் ஏற்றுவது கம்பெனியின் கிடங்கில். சாலையில் பிடிபடுவது லாரிக்காரர். ஏற்றுபவர் கட்டவேண்டும் என்று எழுதிக்கொள்வது அவசியம்.

இனிச் சரக்கு அனுப்பும் அங்கத்தினர்களுக்கு, முக்கியமாக நெசவாளர்களுக்கு, சொல்லவேண்டிய ஒன்று உண்டு. முன் சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சரக்கின் மதிப்பை அனுப்புபவர் அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்துக்கு உடன்படாதவிடத்து, கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் இது பெரிய தீங்கில்லை. பட்டுக்கு? காஞ்சிபுரத்திலிருந்து மூன்று லட்சம் ரூபாய்ச் சேலைக்கட்டு ஒன்றை 300 ரூபாய் வாடகைக்கு அனுப்புகிறோம் என்று கொள்வோம். கட்டு தொலைந்தால் கைக்கு வருவது 3,000 ரூபாய். ஒரு சேலைக்குக்கூடக் காணாது. மதிப்பை அனுப்புச்சீட்டில் எழுதுங்கள். அல்லது சரக்குக்குத் தனியே இன்ஷூரன்ஸ் செய்யுங்கள். லாரியின் இன்ஷூரன்ஸ் ஏற்றிய சரக்குக்கு ஈடு தராது. தொலைந்ததாகத் தெரிந்தால் சரக்குப் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாகவேண்டும். 'அடுத்த வாரம் தேடித் தருகிறோம்' என்ற வாக்கை நம்பி ஆறு மாதத்தைக் கடத்திவிட்டால் வழக்குத் தொடுக்கும் உரிமையே போய்விடும். நம் அங்கத்தினருடைய சொந்த லாரியில் அன்பின்பேரில் ரசீதின்றி ஏற்றி அனுப்பும் பழக்கமும் நம்மிடையே உண்டு. அன்பு இருக்கட்டும், ரசீதும் இருக்கட்டும்.

குட்டி யானைக்காரர்களுக்கு இப்பாடத்திற் பெரும்பகுதி வேண்டாம். சட்டத்தின் 66-ஆம் பிரிவு மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே வேண்டாம் என்கிறது. 2005-இல் டாட்டா கம்பெனி 'ஏஸ்' வண்டியைக் கொணர்ந்தபின் இந்த விலக்குக்கு உயிர் வந்தது. மாட வீதிகளுக்கும் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கும் விடியற்காலையில் காய்கறி இறக்கும் வண்டிகளைப் பாருங்கள். பகலிலே கனரக வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால் கடைசி ஐந்து மைல் இவர்களுடையதாகிவிட்டது. நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் வந்து இறங்கும் கொலுப் பொம்மைகளும் இவர்கள் முதுகில்தான். இவர்களுக்குத் திரும்பும் வழி சிறிது. வெறும் வண்டியாக வந்தாலும் நஷ்டம் சிறிது. கைபேசிச் செயலிகளில் சேர்ந்து ஓட்டுவோர் வெறும் நேரத்தை நிரப்ப மட்டும் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, நாலைந்து நிரந்தரக் கடைக்காரரைத் தமக்கென்று வைத்துக்கொள்வது நலம். இவர்கள் தனித்தே நிற்கலாம் என்பதில் நம் வட்டத்தில் கருத்து வேற்றுமை எழவில்லை.

'நாமே சேர்ந்து ஒரு புக்கிங் ஆபீஸ் வைத்தால் என்ன?' என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். 1904-இல் பக்கத்துத் திருவல்லிக்கேணியில் சிலர் கூடி அரிசி பருப்புக்குப் பண்டகசாலை வைத்தபோதும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். பத்து லாரிக்காரர் சேர்ந்து சங்கத்தின் பெயரில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே பதிவு பெற்றால், ரசீது சங்கத்தினுடையது, வண்டி அவரவருடையது, பங்கு போவது தமக்கே. ஆனால் கணக்கின் பாடம் இங்கும் பொருந்தும். பத்து லாரியும் சென்னையிலிருந்து புறப்படுவனவாயிருந்தால் சங்கத்துக்கும் திரும்பும் சரக்கு இராது. கோயமுத்தூரிலோ சேலத்திலோ உள்ள ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்துடனோ நெசவாளர் சங்கத்துடனோ முதலில் பேசி, அங்கிருந்து வரும் சரக்கு இத்தனை என்று எழுத்தில் பெற்றபின்பே ஆபீஸுக்கு வாடகை பேசவேண்டும். இதற்கென மூவர் கொண்ட குழு ஒன்றை வட்டம் அமைத்திருக்கிறது. அவர்கள் அறிக்கை வந்தபின் தனியே எழுதுவோம்.

நம் நண்பரின் கதையை முடித்துவிடுகிறோம். மூன்று வாரத்துக்குப்பின் அவர் கம்பெனிக்குத் திரும்பிச் சென்றார். உடன் நம் வட்டத்தில் ஆங்கிலம் படித்த ஒருவரையும் அழைத்துச் சென்றார். ஆர்.சி. மாற்றும் வாசகத்தை நீக்கவேண்டும் என்றதும் மேலாளர் மறுபேச்சின்றி அடித்துவிட்டாராம். கேட்பவர் இல்லாததால்தான் அது அச்சிலேயே இருந்து வந்திருக்கிறது போலும். பணம் 21 நாளுக்குள் என்று முடிந்தது. வைப்புத்தொகை பாதியாகக் குறைந்து, விலகிய 60 நாளில் திரும்பும் என்று எழுதப்பட்டது. டீசல் விலை லிட்டருக்கு மூன்று ரூபாய் மாறினால் வாடகையை மீண்டும் பேசுவது என்றும் ஒப்புக்கொண்டார்கள். மிகைப்பாரத்தைப் பற்றி எழுத மறுத்துவிட்டார்கள். 'நாங்கள் மிகைப்பாரமே ஏற்றுவதில்லை' என்பது பதில். பில்லின் நகலைக் காட்டவும் இசையவில்லை. திரும்பும் சரக்கு 24 மணி நேரத்துக்குள் கம்பெனியால் தரமுடியாவிட்டால் தாமே பிடித்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் நெடுநேரம் வாதாடிப் பெற்றார். பத்திரம் பதினொரு மாதத்துக்கு.

இப்பக்கம் அச்சுக்குப் போகும்வரை ஏழு நடை முடிந்திருக்கிறது. ஐந்து நடைக்குக் கம்பெனி திரும்பும் சரக்குக் கொடுத்தது. மற்ற இரண்டில் ஒருமுறை வெறும் வண்டியாக வந்தார். ஒருமுறை 24 மணி நேரம் முடிந்ததும் பொள்ளாச்சிக்கு வண்டியைத் திருப்பித் தாமே தேங்காய்ச் சரக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தத் தேங்காய் மண்டிக்காரருடைய பெயரும் கைபேசி எண்ணும் அவருடைய நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஏறியிருக்கின்றன.